தூக்கிய பாரம் எங்கே போகிறது?

பாடாங் செராய் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் போய், “அண்ணே, என் சின்ன டிரெக்டருக்கு முன்னால ஒரு ஷாவல் கட்டிக் குடுப்பீங்களா?” என்று கேட்டால், முடியாது என்று சொல்லமாட்டார். இரும்புக் குழாய் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். சிலிண்டரைக் கழித்துப்போட்ட லோரியிலிருந்தோ பழைய பேக்ஹோவிலிருந்தோ கழற்றிக்கொள்ளலாம். ஹோஸுக்கு முனை அழுத்தித் தரும் கடையும் அதிக தூரமில்லை. வண்டிக்காரர் அடுத்து கேட்பது, கிட்டத்தட்ட எல்லாரும் கேட்பது: “எத்தனை கிலோ தூக்கும்?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது மிகச் சுலபம். அதனாலேயே அதை நம்பி இறங்கக்கூடாது என்பேன். கேட்கவேண்டியது வேறு: தூக்கிய பாரம் எங்கே போகிறது? பக்கெட்டில் ஏறிய 200 கிலோ மணல் காற்றில் மிதப்பதில்லை. கை வழியாகப் பின்னுக்கும், பின் வழியாகச் சட்டத்துக்கும், சட்டம் வழியாக அச்சுக்கும், அச்சு வழியாக டயருக்கும் போய், கடைசியில் ஈரமண்ணில் இறங்கவேண்டும். அந்த வழியில் எந்த இடம் பலவீனமோ அங்கே உடையும், அல்லது கவிழும். வீட்டில் கட்டும் லோடரின் அறிவியல் முழுவதும் இந்தப் பாதையைத் தொடர்ந்து போவதுதான்.

கூலிமுக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் நடுவே இருக்கும் ஊர் இது. விக்டோரியா, ஹென்ரியட்டா என்று வெள்ளைக்காரப் பெண்களின் பெயரைத் தாங்கிய தோட்டங்கள் சுற்றிலும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தபோது, பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலை வாசலில் போய் நின்றார்கள். தோட்டத்து டிரெக்டரின் ஓசையில் வளர்ந்து, பகலில் இயந்திரக் கூடத்தில் மில்லிமீட்டரில் வேலை செய்து, மாலையில் வீட்டுக் கொட்டகையில் வெல்டிங் தொப்பி மாட்டுகிற ஆட்கள் இங்கே கிடைப்பதில் வியப்பில்லை. அவர்கள் கையில் அகப்படும் வண்டியும் இதற்கு ஏற்றதுபோலத் தெரியும். ஜப்பானிய வயல்களில் உழைத்து, பழசாகிக் கப்பலேறி வந்த குபோத்தா, இசேகி, யன்மார் சிறு டிரெக்டர்கள். 14, 16 குதிரைத்திறன். எடை அரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு ஏக்கர் செம்பனை, நாலு மாடு, அக்டோபர் மழையில் அரித்துப்போகும் செம்மண் பாதை உள்ள குடும்பத்துக்கு, மண்வெட்டியை விட்டு ஒரு பக்கெட்டுக்கு மாற ஆசை வருவது இயல்பு.

இந்த ஆசைக்கு நல்ல பரம்பரை உண்டு. 1945 அக்டோபரில் இங்கிலாந்தின் அட்டாக்ஸிட்டர் ஊரில், ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்பவர் ஒரு சின்னக் கராஜை வாடகைக்குப் பிடித்து, போரில் மிஞ்சிய உதிரிகளைக் கொண்டு ஒரு சாய்க்கும் டிரெய்லர் செய்து விற்றார். 1949இல் ஃபோர்ட்சன் மேஜர் டிரெக்டரின் முன்னால் ஹைட்ராலிக் கை பொருத்தி ‘மேஜர் லோடர்’ என்றார். அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் இன்று தமிழ்நாட்டில் மண் தோண்டும் எந்த மஞ்சள் வண்டிக்கும் பொதுப்பெயராகிவிட்ட ஜேசிபி. நம் அளவுக்கு இன்னும் நெருங்கியது அமெரிக்கக் கதை. மினசோட்டா மாநிலத்தின் ராத்சே ஊரில் பட்டறை நடத்திய சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் சகோதரர்களிடம் எடி வேலோ என்ற வான்கோழிப் பண்ணைக்காரர் ஒரு சிக்கலோடு வந்தார். அவருடைய கொட்டகைக்கு மாடி உண்டு. மாடியிலும் எச்சத்தை வாரவேண்டும். தூண்களுக்கு நடுவே திரும்பக்கூடிய, பலகைத் தளத்தை உடைக்காத வண்டி வேண்டும். 1957இல் அவர்கள் கொடுத்தது முன்னால் இரண்டு சக்கரமும், பின்னால் தானாகத் திரும்பும் ஒரு குட்டிச் சக்கரமும் உள்ள சிறு லோடர். அதை மெல்ரோ நிறுவனம் எடுத்துக்கொண்டு, 1960இல் நாலு சக்கரமாக்கி, பிறகு பாப்கேட் என்று பெயர் வைத்தது. கெல்லர்களிடம் வந்த வேலையில் பாரம் எங்கே இறங்குகிறது என்ற கேள்வி முதல் நாளே ஒட்டிக்கொண்டிருந்தது. தளம் பலகையாயிற்றே.

இப்போது தூக்கும் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். அது சுலபம் என்று சொன்னேன். எவ்வளவு சுலபம் என்பதே ஆச்சரியம்.

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். பாஸ்கல் இதை எழுதியது 1650களில். அச்சில் வந்தது அவர் இறந்த மறுவருடம், 1663இல். இதை வைத்து வேலை செய்யும் அழுத்துப்பொறிக்கு ஜோசப் பிராமா காப்புரிமை வாங்கியது 1795இல். நடுவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் போயிருக்கிறது. ஒரு காரணம் கசிவு. பிஸ்டனைச் சுற்றி இறுக்கினால் நகராது, தளர்த்தினால் தண்ணீர் பீய்ச்சும். பிராமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி, கிண்ணம்போல் மடித்த தோல்வளையத்தை வைத்துத் தீர்த்தார் என்று சொல்வார்கள். அழுத்தம் ஏற ஏற அந்தக் கிண்ணத்தின் உதடு சுவரோடு இன்னும் அழுந்தும். அழுத்தம் இறங்கினால் தளரும். கசியவைக்கும் அழுத்தமே கசிவை அடைக்கிறது. இன்றைக்கு ஒரு பழைய சிலிண்டரைப் பிரித்துப் பாருங்கள். தோலுக்குப் பதில் பாலியூரித்தேன் இருக்கும். உதட்டின் வடிவம் அதேதான். அந்த உதட்டில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஒரு சின்னக் கீறல் போதும், தூக்கி நிறுத்திய கை விடிவதற்குள் தானாக இறங்கியிருக்கும்.

ஒரு கணக்குப் போடலாம். 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றின் ஓட்டமும் 40 சென்டிமீட்டர். சிறு டிரெக்டரின் பம்பு நிமிடத்துக்கு 15 லிட்டர் எண்ணெயை 120 பார் அழுத்தத்தில் தருவதாக வைத்துக்கொள்வோம். பிஸ்டனின் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 120 கிலோவுக்குச் சற்று மேல் என்றால், ஒரு சிலிண்டரின் தள்ளு ஏறக்குறைய 2,400 கிலோ. இரண்டும் சேர்ந்து 4,800. சிலிண்டர் கையைத் தள்ளுவது மூட்டுக்கு அருகில், மூட்டிலிருந்து தள்ளும் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் 25 சென்டிமீட்டர், பக்கெட்டோ 1.8 மீட்டர் தள்ளி. நெம்புகோல் கணக்கில் முனையில் கிடைப்பது சுமார் 665 கிலோ. கையின் சொந்த எடைக்குக் கொஞ்சம் கழித்தால் 580. மேலே ஏற எடுக்கும் நேரம், இரண்டு சிலிண்டரும் நிரம்ப வேண்டிய 1.57 லிட்டரைப் பம்பின் வேகத்தால் வகுத்தால், ஆறரை வினாடிக்குள். இவ்வளவுக்கும் செலவாகும் சக்தி 3 கிலோவாட், நாலு குதிரைத்திறன். எஞ்சினுக்கு இது பெரிய சுமையே இல்லை.

580 கிலோ! வண்டியின் சொந்த எடையே அவ்வளவுதான். தன் எடையைத் தூக்கும் பலம் பழைய பம்பிலும் பழைய சிலிண்டரிலும் சும்மா கிடைத்துவிடுகிறது. பட்டறைக்காரர் பெருமையாகச் சொல்லக்கூடிய எண் இது. வண்டியைக் கொல்லக்கூடிய எண்ணும் இதுவே.

ஓட்டுநரையும் சேர்த்து 600 கிலோ உள்ள வண்டியில், முன்னச்சில் 240, பின்னச்சில் 360 இறங்குகிறது என்போம். இரண்டு அச்சுக்கும் இடையே 1.3 மீட்டர். 120 கிலோ எடையுள்ள லோடரை மாட்டுகிறோம். அதன் எடைமையம் முன்னச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால். பக்கெட் பாரம் இன்னும் தள்ளி, 80 சென்டிமீட்டர் முன்னால். இப்போது 200 கிலோ மணல் ஏற்றினால் பின்னச்சில் மிஞ்சுவது 209 கிலோ. முன்னச்சு தாங்குவது 711. வெறும் வண்டியில் 240 தாங்கியது, ஏறத்தாழ மூன்று மடங்கு தாங்கவேண்டி வருகிறது. மணலின் எடை மட்டுமல்ல, பின்சக்கரம் விட்டுக்கொடுத்த எடையும் முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. 540 கிலோ ஏற்றினால் பின்சக்கரத்தில் எதுவும் மிஞ்சாது. வண்டி மூக்கில் நிற்கும். பம்போ 580க்குத் தயாராக இருக்கிறது. ஆக, பம்பு கை விரிப்பதற்கு முன்னால் பின்சக்கரம் தரையை விடும்.

இந்த வண்டிகளின் முன்னச்சை உழவுக்கென்று வடிவமைத்தார்கள். சேற்றில் வழிகாட்டவும், நாலு சக்கர இழுவையென்றால் கொஞ்சம் இழுக்கவும். அதன் பல்சக்கரங்கள், பேரிங்குகள், திருப்பும் மூட்டுகள் எல்லாம் அந்த அளவுக்குத்தான். டயரையும் பாருங்கள். இரண்டு முன்டயரும் 711 கிலோவைப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 355. இரண்டு பார் காற்றுள்ள டயர் தரையைச் சுமார் அதே அழுத்தத்தில்தான் அழுத்தும். அப்படியானால் தரையைத் தொடுவது 175 சதுர சென்டிமீட்டர், விரித்த உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. மழைக்குப் பின் செம்மண் அதை ஏற்பதில்லை. சக்கரம் புதையும், ஸ்டியரிங் திரும்பாது, பலமாகத் திருப்பினால் மூட்டு முறியும்.

இதற்கு வழி பின்னால் இருக்கிறது. பால்வெட்டு நாளில் காண்டா கம்பு சுமந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை: முன்வாளி நிறைந்து பின்வாளி காலியாக இருந்தால் தோளில் கம்பு நிற்காது. பின்னிணைப்பில், பின்னச்சிலிருந்து 80 சென்டிமீட்டர் பின்னால், 150 கிலோ கான்கிரீட் வார்த்த டிரம் ஒன்றைத் தொங்கவிட்டால், பின்னச்சு 209இலிருந்து 451 கிலோவுக்கு ஏறும். முன்னச்சு 711இலிருந்து 619க்கு இறங்கும். வண்டியின் மொத்த எடை கூடியும் முன்னச்சின் சுமை குறைகிறது. முன்னால் எடையைச் சேர்ப்பதோ, முன்டயரில் தண்ணீர் நிரப்புவதோ இந்த வேலையைச் செய்யாது. பின்டயரில் தண்ணீர் நிரப்புவது செய்யும், ஆனால் அரைகுறையாக: அந்த எடை பின்னச்சின் மேலேயே உட்காருவதால் வண்டி மூக்கில் நிற்பதைத் தடுக்கும், முன்னச்சிலிருந்து ஒரு கிலோவைக்கூட எடுக்காது.

செம்பனைத் தோட்டங்கள் இந்தச் சிக்கலை எப்படிக் கடந்தன என்பது சுவையானது. முதிர்ந்த மரத்தின் குலை ஒன்று 15 முதல் 25 கிலோ வரை இருக்கும். முன்பு ஆளும் எருமைவண்டியும் செய்த வேலையை இன்று சிறு டிரெக்டரில் பொருத்திய கிராபர் செய்கிறது. நகம்போன்ற கவ்வி குலையைப் பற்றி டிரெய்லரில் போடுகிறது. அந்தக் கைக்கிரேனை யாரும் டிரெக்டரின் மூக்கில் வைக்கவில்லை. டிரெக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையே, பின்னால் வைத்தார்கள். பெரிய சக்கரமும் தடித்த அச்சும் அங்கேதான் இருக்கின்றன. முன்னால் பக்கெட் வேண்டும் என்று நாம் அடம்பிடிப்பது, கண்ணுக்கு முன்னால் வேலை நடக்கவேண்டும் என்ற வசதிக்காக. நியாயமான வசதிதான். ஆனால் மாட்டுச்சாணம் வாருவதற்கு மட்டும் என்றால், பின்னிணைப்பில் மாட்டும் ஒரு சாய்க்கும் பெட்டி பாதி வேலையில் முடிந்துவிடும். பின்னோக்கி ஓட்டக் கழுத்து வலிக்கும், அவ்வளவுதான்.

முன்பின்னாகக் கவிழ்வதைப் பற்றி மட்டும் பேசினேன். ஆளைக் கொல்வது பெரும்பாலும் பக்கவாட்டுக் கவிழ்வு. டிரெக்டருக்கு நாலு சக்கரம் இருந்தாலும் அது நிற்பது மூன்று புள்ளியில். முன்னச்சு நடுவில் ஒரே பின்னில் தொங்கி இடவலமாக ஆடும். மேடுபள்ளத்தில் நாலு சக்கரமும் தரையைத் தொடவேண்டும் என்பதற்காக அப்படி. அதனால் உடலைப் பக்கவாட்டில் தாங்குவது இரண்டு பின்சக்கரமும் அந்த நடுப்பின்னும் சேர்ந்த முக்கோணம். பின்னால் அகலம், முன்னால் ஒரு முனை. பக்கெட்டில் பாரம் ஏற ஏற மொத்த எடைமையம் முன்னால் நகர்கிறது, அதாவது முக்கோணம் ஒடுங்கும் பக்கம். கையை உயர்த்தினால் அதே எடைமையம் மேலே போகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு சக்கரம் பழைய வாய்க்காலில் பத்துச் சென்டிமீட்டர் இறங்குவதே போதும். இன்னொன்று, அந்த அச்சு ஆடி ஒரு பக்கம் முட்டி நிற்கும்வரை உடல் சாய்வது முன்சக்கரத்தில் தெரியவே தெரியாது. ஓட்டுபவர் உணரும்போது பின்சக்கரம் ஏற்கெனவே காற்றில் இருக்கும். ஸ்வீடன் 1959இல் புது டிரெக்டர்களுக்குக் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது; அதன்பின் அங்கே கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. ஜப்பானிலிருந்து வரும் பழைய வண்டிகள் பலவற்றில் அந்த இரும்பு வளைவு இருக்காது. பக்கெட் கட்டுவதற்கு முன் அதைக் கட்டச்சொல்வேன். அதே குழாய், அதே வெல்டிங். வாடிக்கையாளர்தான் அதற்குக் காசு கொடுக்க யோசிப்பார்.

பிரேக்கும் பின்சக்கரத்தில்தான். பாரத்தோடு மேட்டிலிருந்து இறங்கும்போது எடை முன்னால் போய்விட்டதால் பின்சக்கரம் வழுக்கும், பிரேக் பிடித்தும் பயனில்லை. நாலு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டு இறங்கினால் கியர்பெட்டி வழியாக முன்சக்கரமும் சேர்ந்து நிறுத்தும். லோடர் மாட்டிய வண்டியில் இதைச் சேற்றுக்கு மட்டுமான வசதியாக நினைக்கக்கூடாது.

அடுத்தது முதுகெலும்பு. லோரிக்குச் சட்டம் உண்டு, அதன்மேல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். டிரெக்டருக்கு அப்படி இல்லை. எஞ்சின், கிளட்ச் உறை, கியர்பெட்டி, பின்னச்சு உறை எல்லாம் வார்ப்பிரும்புப் பெட்டிகள். ஒன்றோடொன்று போல்ட்டால் பிணைத்து, அவையே உடலாகிவிட்டன. 1917இல் வந்த ஃபோர்ட்சன் இந்த முறையை உலகெங்கும் பரப்பியது. விலை குறைந்தது, எடை குறைந்தது. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுப்பைத் தாங்காது. எஞ்சினின் மூக்கில் மட்டும் லோடரைப் பிடித்துவைத்தால், பக்கெட் ஒரு வேர்க்கட்டையில் முட்டும் ஒவ்வொரு முறையும் இந்தப் பெட்டிகளின் இணைப்பு வளைகிறது. போல்ட் தளர்ந்து எண்ணெய் கசியும். பிறகு ஒருநாள் கிளட்ச் உறை விரிசல் விடும். வண்டி நடுவில் இரண்டாகப் பிரிந்த கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆகவே லோடரின் தூண் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் பக்கத்தில் நிற்கவேண்டும். அதன் அடியிலிருந்து இருபுறமும் ஒரு நீண்ட இரும்புத்தடம் பின்னச்சு உறைவரை ஓடவேண்டும், இன்னொன்று முன்மூக்குக்கு. முட்டும் விசை வார்ப்பிரும்பைச் சுற்றிக்கொண்டு நேரே பின்னச்சுக்குப் போய்விடும். வார்ப்பிரும்பில் எங்கேயும் வெல்டிங் வைக்கக்கூடாது. தொழிற்சாலையே விட்ட போல்ட் துளைகளை மட்டும் பயன்படுத்தவேண்டும். நல்ல லோடரில் பாதி இரும்பு, கண்ணுக்குத் தெரியாத இந்தத் தடத்தில்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாததால்தான் மலிவான லோடரில் முதலில் இது காணாமல்போகிறது.

கைகள் இரண்டையும் இணைக்கும் குறுக்குக்குழாய்க்கு வருகிறேன். பக்கெட் எப்போதும் நடுவில் முட்டுவதில்லை. ஒரு மூலை கல்லில் மாட்டும்; ஒரு கை நிற்க, மறுகை போகப்பார்க்கும். கைகள் முறுக்கிக்கொள்ளாமல் பிடிப்பது இந்தக் குழாய். இங்கே வடிவம்தான் எல்லாம். ஒரு பிவிசி குழாய்த் துண்டை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள்; அசையாது. அதையே நீளவாக்கில் ஒரே ஒரு கோடாக அறுத்துவிட்டு முறுக்குங்கள். துணி பிழிவதுபோல வளையும். இழந்த பொருள் ஒரு ரம்பத்தின் தடிப்பு மட்டுமே. 80 மில்லிமீட்டர் விட்டமும் 5 மில்லிமீட்டர் சுவரும் உள்ள இரும்புக்குழாயில் இந்தக் கணக்கைப் போட்டால், மூடிய குழாயின் முறுக்கு விறைப்பு பிளந்த குழாயைப்போல் சுமார் 170 மடங்கு வருகிறது. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் சானல் இரும்பும் ஆங்கிள் இரும்பும் பிளந்த குழாயின் சாதி. அதைக் குறுக்கே வைத்துவிட்டு, ஆடுகிறதே என்று மேலும் மேலும் தடித்த இரும்பைச் சேர்ப்பவர்கள் உண்டு. இரண்டு சானலை எதிரெதிரே வைத்து மூடி ஒட்டினால் முடிந்தது.

பக்கெட்டின் வெட்டுவாய்க்கு லோரியின் ஸ்பிரிங் பட்டை நல்ல பொருள், கெட்டி, தேயாது. ஆனால் அதில் கரி அதிகம். குளிர்ந்த பட்டையில் நேரே வெல்டிங் வைத்தால், ஒட்டின் ஓரத்தில் உள்ள இரும்பு நெருப்பாகி, பக்கத்துக் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை நொடியில் உறிஞ்ச, கண்ணாடிபோல் நொறுங்கும் அமைப்பாக உறைந்துவிடும். மறுநாள் காலையில் மெல்லிய கோடாக விரிசல் தெரியும். சில சமயம் ஒட்டும்போதே ‘டிக்’ என்று கேட்கும். முதலில் சூடாக்கி, தாழ்ஹைட்ரஜன் ராடால் ஒட்டி, காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்ல ஆறவிடுவார் விவரமறிந்தவர். அன்று மாலையே வண்டியைக் கேட்டு நிற்கும் வாடிக்கையாளர் இதற்குப் பொறுக்கமாட்டார்.

கை மேலே எழும்போது பக்கெட் தன் கோணத்தை மாற்றிக்கொள்ளும். கையோடு சேர்ந்து பின்னோக்கிச் சாயும். தரையில் நேராக இருந்த மண் உச்சியில் ஓட்டுபவரின் மடியில் விழலாம். மேலும் ஒரு இணைதண்டைச் சேர்த்து, நாலு மூட்டும் ஏறக்குறைய இணைகரமாக அமையும்படி செய்தால் பக்கெட் தரைக்கு இணையாகவே ஏறும். ஜேம்ஸ் வாட் 1784இல் நீராவி எஞ்சினின் தண்டை நேர்கோட்டில் ஓட்ட இதைப்போன்ற தண்டுப்பின்னலைச் செய்தார். தான் செய்த எந்தக் கருவியையும்விட அதைப் பற்றியே பெருமைப்படுவதாக முதுமையில் மகனுக்கு எழுதினார். சிறு லோடரில் அந்தத் தண்டை விட்டுவிட்டு, ஓட்டுபவரே லீவரால் சரிசெய்துகொள்ளட்டும் என்று விடுவதுதான் வழக்கம். மண்ணுக்கு அது பரவாயில்லை. மரக்கட்டையோ உருண்டையான எதையுமோ தூக்குவதாக இருந்தால் கூடாது.

எண்ணெயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 120 பார் அழுத்தத்தில் ஹோஸில் ஊசிமுனைத் துளை விழுந்தால், வெளிவரும் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது. எங்கே கசிகிறது என்று விரலால் தடவுபவரின் தோலை அது துளைத்து உள்ளே போகும். 7 பார் அளவே அதற்குப் போதும் என்பார்கள். காயம் முள் குத்தியதுபோல இருக்கும், வலியும் முதலில் அதிகமிராது. உள்ளே திசு அழுகத் தொடங்கியிருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க நேரிடும். கசிவைத் தேட ஓர் அட்டைத்துண்டு போதும். மருத்துவமனையில் ‘முள் குத்திச்சு’ என்று சொல்லாமல், அழுத்த எண்ணெய் உள்ளே போனது என்று சொல்லவேண்டும்.

ஹோஸ் அறுந்தால் இன்னொன்றும் நடக்கும்: தூக்கிய கை அப்படியே விழும். இதைத் தடுக்கச் சிலிண்டரின் வாயிலேயே ஒரு பூட்டு வால்வு வைக்கலாம். கீழே இறக்கச் சொல்லி எண்ணெய் அழுத்தம் வந்தால் மட்டும் அது திறக்கும். வீட்டில் கட்டிய லோடர்களில் அதைப் பார்ப்பது அரிது. அது இல்லாத வண்டியில், கோயில் திருவிழாவுக்குச் சரவிளக்குக் கட்ட ஓர் இளைஞனைப் பக்கெட்டில் ஏற்றி உயர்த்துவது, அவன் உயிரை ஒரு ரப்பர்க் குழாயில் தொங்கவிடுவது. வால்வு இருந்தாலும் செய்யக்கூடாத காரியம்தான். முக்கோணத்தின் கதையை மேலே சொன்னேன்.

கட்டி முடித்தவுடன் செய்யவேண்டிய சோதனைக்கு இந்த வட்டாரத்தில் அருமையான கருவி இருக்கிறது. செம்பனைக் குலை வாங்கும் ராம்ப்பில் எடைமேடை உண்டு. கூட்டமில்லாத நேரம் பார்த்து, முன்சக்கரம் இரண்டை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தவேண்டும். லோடர் மாட்டிய வெறும் வண்டி, நம் எடுத்துக்காட்டின்படி, முன்னச்சில் 388 கிலோ காட்டும். பக்கெட்டில் 200 கிலோ மணலைப் போட்டால் 588 வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மேடை 710ஐ ஒட்டிக் காட்டும். கூடுதலாக வந்த 120 கிலோ சொச்சம் பின்சக்கரம் இழந்தது. எதிர்ப்பாரத்தைப் பின்னால் மாட்டி மறுபடி பார்த்தால் 620. தயாரிப்பாளர் முன்னச்சுக்குச் சொன்ன உச்ச எடை வண்டியின் கையேட்டில் இருந்தால், அதைத் தாண்டாத மணல் எவ்வளவோ அதுதான் இந்த லோடர் தூக்கும் கிலோ. ஓடும்போது குழியில் விழுந்து எழும்பினால் சுமை ஒரு கணம் இருமடங்காகும் என்பதால் அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

பக்கெட்டின் அளவையும் அந்த எண்ணே தீர்மானிக்கட்டும். 100 லிட்டர் பக்கெட்டில் ஈரமணல் 190 கிலோவைத் தொடும். காய்ந்த மாட்டு எரு அதில் பாதிகூட வராது. எருவுக்கென்று பெரிய பக்கெட் செய்துவிட்டு, மழைக்குப் பின் அதே பக்கெட்டை மணலில் விடுவதுதான் வழக்கமாக நடப்பது. உட்புறச் சுவரில் மணலுக்கு ஒரு கோடு, எருவுக்கு ஒரு கோடு என்று வெல்டிங்கிலேயே போட்டுவிட்டால், பெயிண்ட் உரிந்தாலும் கோடு இருக்கும்.